படம் பார்த்துக் கெட்டவன் என்று நான் சொல்லித் திரிந்த மகனுக்கு

தம்பி,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பேசித்தான் பழக்கம், அதுவும் மைக் பிடித்துப் பேசி. அந்தப் பேச்சால் உன் கல்யாணம் நின்றுபோகும் போலிருக்கிறது என்று போன செவ்வாய்க்கிழமை நீ சொன்னதிலிருந்து வாயைத் திறக்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அதனால்தான் உன் தங்கையின் பழைய கொப்பியில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீ அன்றைக்குச் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் திருப்பிச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன். "மஸ்கெலியாவுல அந்த வீடியோவப் பாத்துட்டாங்கப்பா. பொண்ணோட அப்பா போன என் முன்னாடி வச்சு, இது ஒங்க அப்பாதானான்னு கேட்டாரு. ஆமான்னேன்" என்றாய். நான் ஏதோ சமாதானம் சொல்ல வந்தேன். நீ விடவில்லை. "ரவிய வெட்டினத நான் மொத நாளே அவங்ககிட்ட சொல்லிட்டேன். ஒண்ணையும் மறைக்கல. நீங்க மைக்குல சொன்னதுதாம்பா எனக்கே புதுசா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படித்தால் போதாது. மஸ்கெலியாவில் அந்தப் பெண்ணையும் அவள் அப்பா அம்மாவையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டு. நம் தோட்டத்திலும் இதை வாசிக்கப் போகிறேன். இப்போது இன்னொரு பையன் இன்னொருவன் மண்டையை உடைத்திருக்கிறான். அதற்காக வருகிற ஞாயிற்றுக்கிழமை கோவிலடியில் கூட்டம் வைத்து, இளசுகளிடமிருந்து போனைப் பிடுங்குவது பற்றி முடிவெடுக்கப் போகிறார்களாம். வழக்கம்போல என்னைத்தான் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏழு வருஷமாக இந்த மலையில் எந்தப் பையன் எங்கே கையை ஓங்கினாலும் கூப்பிடுவது என்னைத்தான். படம் பார்த்துக் கெட்டுப்போன பிள்ளையைப் பெற்ற அப்பன் அல்லவா நான்! தலவாக்கலையில் பேசினேன், ஹட்டனில் பேசினேன், லிந்துலையில் இரண்டு தடவை பேசினேன். மாலை போட்டார்கள், குடை கொடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். வெட்கங்கெட்டவன், அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தேன். உன் அம்மா அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

ஹட்டனில் பேசியதைத்தான் கொழும்பிலிருந்து வந்த ஒரு அமைப்பின் பிள்ளைகள் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். அதில் நான் சொல்கிறேன்: என் மகன் ஒரு நாளைக்கு மூன்று படம் பார்ப்பான், சோறு தண்ணி இல்லாமல் போனையே பார்ப்பான், கண் சிவந்து போயிருக்கும், நான் கூப்பிட்டால் முறைப்பான், கடைசியில் படத்தில் வருகிற மாதிரியே ஒருவனை வெட்டிவிட்டான். தம்பி, இதில் கடைசி வரியில் பாதிதான் உண்மை. நீ போனையே பார்த்துக்கொண்டிருந்தவன் இல்லை. அந்த நாளில் நம் வீட்டில் போன் இருந்ததே ஒன்றுதான், அதுவும் என் சட்டைப் பையில். முதல் தடவை பேசும்போது கொஞ்சம்தான் சொன்னேன். முன்னால் உட்கார்ந்திருந்த பொம்பளைகள் முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்ததும் அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். அப்படியே சேர்த்துச் சேர்த்து உன்னை அரைப் பைத்தியமாக்கிவிட்டேன். அந்த அரைப் பைத்தியத்துக்குத்தான் இப்போது மஸ்கெலியாக்காரர் பெண் கொடுக்க யோசிக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானாயிருந்தாலும் யோசிப்பேன்.

இனி உண்மையை எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். நான் என் வாயால் சொல்லி நீ கேட்டதில்லை, அவ்வளவுதான். நீ சாதாரணதரப் பரீட்சை பாஸ் பண்ணி, உயர்தரம் படிக்கத் தொடங்கிய வருஷம் அது. நம் லயத்தில் அதுவரை எவனும் அங்கே எட்டியதில்லை. அன்று காலை பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் நிற்கிறோம். முந்தின நாள் நான் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் கிளை பிளந்திருக்கிறது என்று, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு சத்தம் போட்டான். இருபத்திரண்டு வருஷம் கத்தி பிடித்தவன் நான். அன்றைக்குக் காய்ச்சலோடு வெட்டினேன், கத்தி சரியாக விழவில்லை, ஏழெட்டுச் செடி பிளந்துவிட்டது, வாஸ்தவம். "இது கவ்வாத்தா, இல்ல மாடு மேஞ்சதாடா? நாளையிலருந்து ஒனக்கு வேல இல்ல, போடா" என்றான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். நான் குனிந்து அவன் காலைத் தொட்டேன். "ஐயா, இந்த ஒரு தடவ மன்னிச்சுக்கங்க" என்றேன். நிமிர்ந்தபோது பாதையோரத்தில் வெள்ளை யூனிபார்மில் நீ நின்றுகொண்டிருந்தாய். உன் பக்கத்தில் லிந்துலைப் பக்கம் இருக்கிற கீழ் டிவிசன் ரவியும் நின்றான். இரண்டு பேரும் ஒன்றாகத்தானே அப்போது பாடசாலைக்குப் போவீர்கள்.

அதைப் பற்றி நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். 'அப்பாவுக்கு வேற வழி இல்லடா' என்றாவது சொல்லியிருக்கலாம். பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் ஒரு படம் போட்டான். முதலாளியை ஒரு வேலைக்காரன் போட்டு மிதிக்கிற படம். நான் வாங்கிலில் ஏறி உட்கார்ந்து கை தட்டினேன். "அப்படிப் போடு! இன்னும் ரெண்டு குடுடா அந்த நாய்க்கு!" என்று கத்தினேன். அடுத்த வீட்டுக்காரன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். உன்னைத் தட்டி, "பாத்தியா, ஆம்பளன்னா இப்படி இருக்கணும்" என்றேன். காலைத் தொட்டு இன்னும் ஆறு நாள் ஆகவில்லை! நீ டிவியைப் பார்க்கவில்லை தம்பி. நான் கை தட்டுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். அது இப்போது எனக்கு நன்றாக ஞாபகம் வருகிறது. அப்போது, பையனுக்குப் படம் பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. வீட்டுக்கு வீடு கத்தி, கூடை, மண்வெட்டி எல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, அவல் கடலை படைத்தோம். உங்கள் வகுப்புப் பையன்கள் எல்லோரும் போனில் வீடியோ எடுத்துப் போடுகிற காலம். நீயும் ஒன்று எடுக்க ஆசைப்பட்டாய். அதற்காக பிஸ்கட் பெட்டி அட்டையைக் கத்தி மாதிரி வெட்டி, தேயிலைப் பாக்கெட்டின் வெள்ளித் தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டி, பிடிக்குக் கறுப்புத் துணி சுற்றி, ஒரு வாரம் மெனக்கெட்டுச் செய்து வைத்திருந்தாய். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கவ்வாத்துக்காரன் மவன் அட்டையத் தூக்கிட்டு நடந்தா ஊரே சிரிக்கும்டா. இந்தா, இதப் புடி" என்று பூஜையில் இருந்த என் கத்தியை எடுத்து உன் கையில் கொடுத்தேன். எப்படித் தோளில் சாய்த்துப் பிடிப்பது, எப்படி வீசினால் வெயிலில் பளபளக்கும் என்று நானே காட்டிக் கொடுத்தேன். நீ செடிகளுக்கு நடுவே நடந்து வந்தாய். எதிரே முட்டி போட்டுக் கொண்டு போனைப் பிடித்து வீடியோ எடுத்தது நான். "மொறச்சுப் பாருடா, மொறச்சுப் பாரு" என்று சொல்லிக் கொடுத்தது என் குரல். அந்த இடத்தில் பாட்டைச் சேர்த்துவிட்டதால் குரல் கேட்கவில்லை, என் அதிர்ஷ்டம். என் போனிலிருந்தே நீ அதைப் போட்டாய், நான் தோட்டம் முழுக்கக் காட்டித் திரிந்தேன். கடையில் காட்டினேன், பெரட்டில் காட்டினேன், கண்டாக்குக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்துக் காட்டினேன். அவன் திரும்பிப் பார்த்தபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. என்ன பிறவி நான், சொல்லு! காலில் விழுந்த அவமானத்தைப் பதினேழு வயதுப் பிள்ளையின் கையில் கத்தியைக் கொடுத்துத் துடைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

அந்த வீடியோவுக்குக் கீழேதான் ரவி எழுதினான்: 'கத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்கு ஹீரோ. ஒங்கப்பன் கண்டாக்கு காலப் புடிச்சது மறந்துருச்சா?' விளையாட்டாக எழுதியிருப்பான். கூடத் திரிகிற பையன்தானே, வாய்த் துடுக்கு. அதற்குக் கீழே நாற்பது பேர் சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். பாடசாலையில் எவனோ அதை உனக்குக் காட்டியிருக்கிறான். பாடசாலை விட்டு வந்து, மூலையில் இருந்த கத்தியை எடுத்துக்கொண்டு லிந்துலைப் பாதைக்குப் போனாய். ஓங்குவதற்கு முன் ஏதோ ஒரு படத்து வசனத்தைச் சொன்னாயாம். பார்த்தவர்கள் பொலிஸில் அதைத்தான் முதலில் சொன்னார்கள். கையைக் கொண்டு தடுத்ததால் ரவியின் முழங்கைக்குக் கீழே விழுந்தது வெட்டு. படத்தில் வெட்டியவன் திரும்பிப் பார்க்காமல் நடப்பான். நீ கத்தியை எறிந்துவிட்டு, உன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி அவன் கையைச் சுற்றிக் கட்டி, அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினாய். "ரவி, ரவி, கண்ண மூடாதடா" என்று கத்திக்கொண்டே ஓடியதைக் கொழுந்து நிறுக்க நின்ற பொம்பளைகள் எல்லோரும் கேட்டார்கள். ஏழு வருஷத்தில் ஒரு மேடையிலாவது இதை நான் சொன்னதில்லை. சொன்னால் கதை கெட்டுவிடும்.

பொலிஸில் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, ஏன் செய்தான் என்று சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் தோட்டத் தலைவர் நிற்கிறார், தோட்டத்துப் பக்கம் பேச அந்தக் கண்டாக்கும் வந்து நிற்கிறான். 'நான் இவன் காலில் விழுந்தேன் ஐயா, அதைச் சொல்லிக் காட்டினதால் செய்தான்' என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. "பிலிம் பலலா தமய் மாத்தயா, நரக் உனே" என்றேன். படம் பார்த்துத்தான் ஐயா கெட்டுப் போனான் என்று. இன்ஸ்பெக்டர் தலையாட்டினார், தன் மகனும் இப்படித்தான் எந்நேரமும் போனோடு இருக்கிறான் என்றார். தலைவர் தலையாட்டினார். கண்டாக்கும் தலையாட்டினான். எல்லோருக்கும் எவ்வளவு வசதி! அந்தப் படத்தை எடுத்தவன் எந்த நாட்டிலோ இருக்கிறான். அவன் வந்து பதில் சொல்லப் போவதில்லை. நீ என்னைப் பார்த்தாய். 'யாருப்பா வீடியோ எடுத்தது?' என்று ஒரு வார்த்தை நீ கேட்டிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். நீ கேட்கவில்லை. "ஆமா சேர், படம் பாத்துத்தான்" என்றாய். என்னைக் காப்பாற்றினாய். அதற்கு நான் உனக்கு என்ன செய்தேன்? வழக்கு ஒரு வழியாக முடிந்த பிறகு, பாடசாலையில் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். 'எடுங்கள்' என்று கேட்க நான் போகவே இல்லை. கொழும்பில் கடை வேலைக்கு உன்னை ரயில் ஏற்றிவிட்டு வந்து, அடுத்த மாதமே முதல் மேடையில் ஏறினேன்.

அப்படியென்றால் படத்துக்கு இதில் பங்கே இல்லையா என்று மஸ்கெலியாக்காரர் கேட்கலாம். கேட்கட்டும், நியாயம்தான். இருக்கிறது. அந்த நடை, அந்த முறைப்பு, தலைமயிரை அப்படி வெட்டிக்கொண்டது, அந்த வசனம், எல்லாம் அங்கேயிருந்து வந்ததுதான். வெட்டுப்பட்டவனுக்கு வலிக்கும் என்பதை அந்தப் படங்களில் ஒருத்தனும் காட்டுவதில்லை, அதுவும் உண்மை. நாள் முழுக்க அதையே பார்க்கிற பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்ல நான் படித்தவன் இல்லை. ஆனால் தலவாக்கலையில் போன் கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவோம், ஒரு நாள் என் பேச்சைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்தப் படம் என் கடை டிவியில எத்தன தடவ ஓடிச்சு. என் மவனும் பாத்தான், இந்த டவுன்ல பாதிப் பேர் நின்னு பாத்தாங்க. ஒருத்தனும் கத்தியத் தூக்கலயே. ஒங்க மவனுக்கு மட்டும் என்னண்ணே நடந்திச்சு?" எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு என்ன தெரியும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டில் உன் அம்மாவிடம் சொன்னால், ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல், "அந்த அட்டக் கத்தியோடயே புள்ளைய விட்டிருக்கலாம்ல" என்றாள். அதற்குப் பிறகும் மூன்று மேடை ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை நீ போனை வைத்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் வேலைக்குப் போகாமல் லிந்துலைக்குப் போய் ரவியைத் தேடினேன். ஏழு வருஷத்தில் நான் அவன் வீட்டு வாசலை மிதித்ததில்லை. ஆட்டோ ஸ்டாண்டில்தான் நின்றான். நல்லா உயர்ந்துவிட்டான். வலது கையில் கடைசி இரண்டு விரலும் மடங்குவதில்லை, அதை வைத்துக்கொண்டே ஆட்டோ ஓட்டுகிறான். என்னைக் கண்டதும் இறங்கி, "வாங்க மாமா" என்றான். மன்னிப்புக் கேட்க வந்தேன், கத்தி கொடுத்தவன் நான், வீடியோ எடுத்தவன் நான் என்று நடு ரோட்டில் நின்று சொன்னேன். "தெரியும் மாமா, அவன் சொன்னான்" என்றான். எவன் என்று கேட்டேன். "ஒங்க மவன்தான். கொழும்புக்குப் போன அந்த வருசமே வந்து எங்கம்மா கால்ல விழுந்துட்டான். அம்மா மொதல்ல வெளக்கமாத்த எடுத்தாங்க, அப்பறம் சோறு போட்டாங்க. அதுலருந்து வருசா வருசம் பொங்கலுக்கு எங்க வீட்டுக்குத்தானே வாரான்" என்று சாதாரணமாகச் சொன்னான். என் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான், எனக்குத் தெரியாது என்று அவனுக்கே விளங்கியது. பேச்சை மாற்றி, டீ குடிக்கலாம் என்று கூப்பிட்டான். நான் விடாமல் கேட்டேன், அப்போது யார் யாருக்குத் தெரியும் என்று. "அத்தையும் வருவாங்க மாமா. தங்கச்சியக் கூட்டிக்கிட்டு வந்து அவனப் பாத்துட்டுப் போவாங்க" என்றான்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் கடையில் லீவு கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று நீ போனில் சொல்லுவாய். நான் உன் முதலாளியைத் திட்டுவேன். மனுசனா அவன், பண்டிகைக்குக்கூடப் பிள்ளையை விட மாட்டானா என்று கத்துவேன். உன் அம்மா பொங்கலுக்கு மறுநாள் லிந்துலைக் கோவிலுக்கு என்று புதுச்சேலை கட்டிக்கொண்டு தங்கையோடு கிளம்புவாள், ஒரு போசியில் பொங்கல் எடுத்துக்கொள்வாள். சாமிக்குப் போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொள்வேன். அவள் திரும்பி வரும்போது முகம் நன்றாக இருக்கும். ரவி வீட்டிலிருந்து நம் லயத்துக்கு நடந்தால் முக்கால் மணி நேரம். நீ வெட்டியவன் வீட்டில் உட்கார்ந்து நீ சாப்பிட்டிருக்கிறாய். என் வீட்டுக்கு வரத்தான் உனக்கு முடியவில்லை. திரும்பி வந்து உன் அம்மாவிடம் இதைக் கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை. சுவரில் இருந்த சான்றிதழைக் கழற்றி அடுப்பில் போட்டேன். கண்ணாடியை எங்கே போடுவது என்று அவள் கேட்டாள்.

மஸ்கெலியாவில் இருக்கும் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும். உங்கள் மகளைக் கட்டப் போகிறவன் ஒரு தடவை கத்தி எடுத்தான், உண்மை. எடுத்த மறு நிமிஷமே தன் சட்டையைக் கழற்றிக் கட்டுப் போட்டான். செய்ததை வெட்டுப்பட்டவனிடமே போய் ஒத்துக்கொண்டான். என்னிடமிருந்து கற்றுக்கொண்டதாக அவனிடம் ஏதாவது இருந்தால் அது அந்த ஒரு நாள் மட்டும்தான், மிச்சமெல்லாம் அவனே தேடிக்கொண்டது. விசாரிக்க வேண்டுமென்றால் லிந்துலை ஆட்டோ ஸ்டாண்டில் ரவி என்று கேளுங்கள். என்னிடம் விசாரிக்காதீர்கள், நான் ஏழு வருஷம் பொய் சொன்னவன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதை நான் வாசிக்கும்போது மைக்கைப் பிடுங்குவார்கள் என்று தெரியும். தலைவர் இப்போதே, "ஏன்பா, நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்த, இப்ப எதுக்கு இதெல்லாம்" என்கிறார். பிடுங்கினால் பிடுங்கட்டும். மைக் இல்லாமலும் எனக்குக் கத்த வரும்.

கல்யாணம் நடக்கும் தம்பி. நடக்க வேண்டும். ரவியை முன்னால் நிறுத்து, அம்மாவையும் தங்கச்சியையும் முதல் நாளே கூட்டிக்கொண்டு போ. நான் வருவதா வேண்டாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று நீ சொன்னால் நான் வீட்டில் இருந்துகொள்வேன், யார் மேலும் கோபப்பட மாட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லிவிடு. லீவு இல்லை என்று மட்டும் இனிமேல் என்னிடம் சொல்லாதே.

அப்பா